நாற்பத்து மூன்றாவது பெயர்

யூரிதியாவுக்குக் குரல் வளம் என்று எதுவும் கிடையாது. சத்தம் மட்டும் உண்டு. மொட்டை மாடியில் நின்று தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டால், மூன்று தெரு தள்ளி இருக்கும் ரொட்டிக் கடைக்காரர் "இதோ வந்துட்டேன்" என்று பதில் கொடுப்பார். அப்படிப்பட்ட சத்தம்.

அதனால்தான் அந்த வருடம் மார்ச் பதினேழாம் தேதி பெயர் வாசிக்கும் வேலை, ஐந்தாம் வகுப்பு யூரிதியாவுக்குக் கிடைத்தது.

மார்ச் பதினேழு புனித பாட்ரிக் திருநாள். அது அயர்லாந்துக்காரர்களின் திருநாள். மெக்ஸிகோவில் அதற்கு என்ன வேலை என்று கேட்டால், சான் ஆங்கெல் பகுதியில் பால் குடிக்கிற பிள்ளைகூடச் சொல்லும். ரொம்ப காலத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து அமெரிக்கப் படை வந்து மெக்ஸிகோவோடு சண்டை போட்டது. அந்தப் படையில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள் கொஞ்சம் பேர், இது அநியாயம் என்று இந்தப் பக்கம் வந்து சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் பிடிபட்டார்கள். நிறையப் பேரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். சான் ஹசிந்தோ சதுக்கத்துச் சுவரில் ஒரு கல் பலகை இருக்கிறது. அதில் எழுபத்தொரு பெயர்கள் இருக்கின்றன.

"சிகாகோவுல எங்க சித்தப்பா இருக்காரு. அங்க இந்த நாளுக்கு ஆத்துத் தண்ணியையே பச்சையாக்கிடுவாங்க. ஆளுக்கொரு பச்சைத் தொப்பி. நமக்கு என்ன இருக்கு? செத்தவங்க லிஸ்ட்டு" என்றான் உபால்தோ. அவன் யூரிதியாவின் வகுப்பு. பெயர் வாசிக்கும் வேலை தனக்குக் கிடைக்கவில்லை என்று அவனுக்குக் கடுப்பு.

"பாவாடை கட்டின மீசைக்காரங்க இருக்காங்களே, அது பத்தாதா?" என்றாள் யூரிதியா.

அதுவும் உண்மைதான். கட்டம் போட்ட பாவாடை கட்டி, தோல் பையை அக்குளில் இடுக்கி, குழல் ஊதும் ஒரு கோஷ்டி அன்றைக்குச் சதுக்கத்துக்கு வரும். எல்லாரும் உள்ளூர் ஆட்கள். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் டாக்சி ஓட்டுபவர். அவர்கள் ஊதி முடித்ததும் பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயரை வாசித்ததும் கூட்டம் முழுவதும் ஒரே குரலில், "தாய்நாட்டுக்காக உயிர் நீத்தார்!" என்று பதில் சொல்லும். எழுபத்தொரு முறை.

திங்கட்கிழமை பள்ளி முற்றத்தில் ஒத்திகை நடந்தது. எல்வீரா டீச்சர் முந்தின வாரமே பெயர்கள் எழுதிய இரண்டு தாள்களை யூரிதியாவிடம் கொடுத்திருந்தார். முதல் தாளை மட்டும் அவள் வீட்டில் நெட்டுருப் போட்டிருந்தாள். இரண்டாவது தாளைப் பார்க்கவே இல்லை. எல்லாம் பெயர்தானே, பார்த்து வாசித்தால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

நாற்பத்து இரண்டு வரை வண்டி ஜோராக ஓடியது.

"ஆபேல் மொரான்" என்று வாசித்தாள்.

"தாய்நாட்டுக்காக உயிர் நீத்தார்!" என்று ஐந்தாம் வகுப்பு மொத்தமும் கத்தியது.

யூரிதியாவின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. தாளை மறுபடி பார்த்தாள். எழுத்து மாறவில்லை. ஆபேல் மொரான். அவளுடைய தம்பியின் பெயர் ஆபேல் மொரான். ஆறு வயது, முதல் வகுப்பு 'பி' பிரிவு, முன்பல் இரண்டும் கிடையாது.

அயர்லாந்திலும் மொரான்கள் உண்டு. கல்லில் இருந்த மொரானுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மெக்ஸிகோவில் தடுக்கி விழுந்தால் ஒரு மொரான் மேல்தான் விழ வேண்டும். ஆபேல் என்ற பெயரும், அவன் பிறந்த அன்று எந்தப் புனிதரின் நாள் என்று அம்மா காலண்டரில் பார்த்து வைத்ததுதான். வருடா வருடம் அந்தப் பெயரைச் சதுக்கத்தில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கூட்டத்தில் யார் பெயரைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? வாய் பாட்டுக்குப் பதில் சொல்லும், கண் தின்பண்டத் தட்டைத் தேடும்.

இப்போது கேட்டுவிட்டது. அவள் வாயாலேயே வாசித்து, அவள் காதாலேயே கேட்டுவிட்டாள்.

பின்வரிசையிலிருந்து உபால்தோ எட்டிப் பார்த்தான். "டேய், அது இவ தம்பி பேருடா" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"அடுத்தது படிம்மா. ஏன் நின்னுட்டே?" என்றார் எல்வீரா டீச்சர்.

யூரிதியா மிச்சத்தை வாசித்து முடித்தாள். எப்படி வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாலையைக் கடக்க ஐந்து நிமிடம் நின்றாள். தூரத்தில் ஒரு சைக்கிள் வந்தால்கூட, "இரு, அது போகட்டும்" என்றாள்.

"அக்கா, அந்த சைக்கிள்ல வர்ற தாத்தா இறங்கித் தள்ளிக்கிட்டு வர்றாரு" என்றான் ஆபேல்.

"வரட்டும். நிக்கிறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். யூரிதியாவுக்குப் பட்டப்பகலிலேயே பேயாகத் தெரிந்தது. வாசலில் படுத்திருந்த நாய் அவனைக் கடிக்கப் போகிறது. மாடிப்படி அவனை உருட்டிவிடப் போகிறது. சாப்பிடும்போது, அம்மா சோளமாவைச் சோளத்தோகையில் சுற்றி அவித்த தமாலைக் கையில் எடுத்தான். அதைப் பிடுங்கி, சுண்டைக்காய் அளவுக்குத் துண்டு துண்டாக்கிக் கொடுத்தாள்.

"நான் என்ன குருவியா?" என்று கேட்டான் ஆபேல்.

அவள் சிரிக்கவில்லை. நான் அந்தப் பெயரைச் சத்தம் போட்டு வாசிக்கப் போகிறேன், ஊரே கூடி நின்று இவன் செத்துவிட்டான் என்று சொல்லப் போகிறது, அப்படிச் சொன்னால் பலித்துவிடாதா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. யாரிடமாவது சொல்லலாம். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் அதுவே நடந்துவிடுமோ என்றும் பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அவள் சொல்லாவிட்டால் என்ன, உபால்தோ இருக்கிறானே. அவன் தன் தம்பி சிரோவிடம் சொல்லிவிட்டான். சிரோ ஆபேலின் வகுப்பு.

செவ்வாய்க்கிழமை காலை, முதல் வகுப்பு மாகி டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, "ஆபேல் மொரான்" என்று கூப்பிட்டார். ஆபேல் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல எழுந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் சிரோ, "தாய்நாட்டுக்காக உயிர் நீத்தார்!" என்று கத்தினான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மத்தியானம் விளையாட்டு நேரத்தில் முற்றம் முழுவதும் அதையே கத்தினார்கள்.

ஆபேல் வீட்டுக்கு வந்ததும் பையைக் கழற்றவில்லை. அக்காவின் எதிரில் நின்றான்.

"அக்கா, கல்லுல என் பேரு இருக்கா?"

"யாரு சொன்னா?"

"இருக்கா இல்லையா?"

"அது வேற ஆபேல். பழைய காலத்து ஆளு."

"நீதான் படிக்கப் போறியாமே. நீ படிச்சா நான் செத்துருவேனா?"

"ச்சீ, லூசு. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றாள் யூரிதியா. அவள் குரல் சன்னமாக வந்தது. அவளுடைய சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன் ஆபேல். அந்தச் சன்னக் குரலைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

மாலைக்குள் அவனுக்கு உடம்பு கொதித்தது.

அம்மா பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுச் சாயோ அத்தையைக் கூப்பிட்டாள். அத்தை ஒரு முட்டையோடு வந்தாள். ஆபேலின் தலையிலிருந்து கால்வரை முட்டையை உருட்டி, வாய்க்குள் ஜெபம் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரில் அதை உடைத்து ஊற்றினாள். பிறகு டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"புள்ள பயந்திருக்கு. எதையோ பார்த்திருக்கான், இல்லாட்டி எதையோ கேட்டிருக்கான்" என்றாள் அத்தை.

"என்னத்தைக் கேட்டான்? காலையில நல்லாத்தானே போனான்" என்றாள் அம்மா.

யூரிதியா அந்த டம்ளரை எட்டிப் பார்த்தாள். முட்டையின் வெள்ளை தண்ணீருக்குள் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு மாதிரி இருந்தது. சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

மறுநாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டது. ஆபேல் எழுந்து இரண்டு தமால் தின்றான். அம்மாவுக்கு உயிர் வந்தது. யூரிதியாவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அன்று இடைவேளையில் எல்வீரா டீச்சரின் மேஜை பக்கம் போய் நின்றாள்.

"டீச்சர், ஒரு பேரை மட்டும் விட்டுட்டா என்ன ஆகும்?"

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்தப் பேரை?"

சொல்லத்தான் வந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு. "சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

"கல்லுல எழுபத்தொண்ணு இருக்கு. எழுபத்தொண்ணும் படிக்கணும். உனக்கு பயமா இருந்தா சொல்லிடும்மா, தப்பில்ல. உபால்தோகிட்ட குடுத்துடறேன். அவன் தினம் ரெண்டு தடவை கேட்டுக்கிட்டே இருக்கான்."

உபால்தோ வாசித்தால் அந்தப் பெயரை எப்படி இழுத்து, எப்படி முழித்து, ஆபேலை எப்படிப் பார்த்து வாசிப்பான் என்று யூரிதியா நினைத்துப் பார்த்தாள்.

"இல்ல டீச்சர். நானே படிக்கிறேன்."

தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பென்சிலை எடுத்து நாற்பத்து மூன்றாவது பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள். அழுத்திப் போட்டாள். அவ்வளவுதான், தீர்ந்தது. கூட்டத்தில் யாரும் எண்ணிக்கொண்டா நிற்கப் போகிறார்கள்? அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை ஆபேல் பள்ளியிலிருந்து வந்த கோலத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. பேயறைந்தவன் மாதிரி வந்தான். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருந்தான்.

"என்னடா ஆச்சு? சிரோ மறுபடி கத்தினானா?"

"இல்ல."

"பின்ன?"

"மாகி டீச்சர் என் பேரைக் கூப்பிடவே இல்ல."

நடந்தது இதுதான். மாகி டீச்சர் நல்லவர். பெயரைக் கூப்பிட்டால்தானே பிள்ளைகள் கத்துகிறார்கள், அதை விட்டுவிடுவோம் என்று நினைத்தார். ஆபேலைக் கண்ணால் பார்த்து, தானே குறித்துக்கொண்டு, அடுத்த பெயருக்குப் போய்விட்டார். உதவி செய்வதாகத்தான் அவருக்கு எண்ணம்.

"கூப்பிடாட்டி என்னடா? நல்லதுதானே?"

"எனக்கு முன்னாடி மெர்சேதஸைக் கூப்பிட்டாங்க. எனக்குப் பின்னாடி நோயேலைக் கூப்பிட்டாங்க. நான் உள்ளேன்னு சொல்றதுக்கு எழுந்து நின்னேன். என்னைக் கூப்பிடல. அப்படியே நின்னுக்கிட்டு இருந்தேன்." ஆபேலின் உதடு துடித்தது. "அக்கா, நான் இல்லையா?"

"இல்லாம எங்கடா போன? இதோ நிக்கிறியே."

"அப்ப ஏன் கூப்பிடல?"

"சரி, அதுக்கு ஏன் சாப்பிடல?"

"இல்லாதவன் எப்படிச் சாப்பிடுறது?"

அவன் கேட்டது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. ஒரு நாள் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் குடிக்கப் போகவில்லை, பென்சில் சீவப் போகவில்லை. பெயரைக் கத்திக் கேலி செய்தபோதுகூட இவ்வளவு பயந்திருக்கவில்லை.

யூரிதியா அவனை உட்கார வைத்து, சாப்பாட்டை எடுத்து ஊட்டினாள். ஊட்டும்போது அவளுக்கு அந்த இரண்டாவது தாள் ஞாபகம் வந்தது. முன்னால் நாற்பத்து இரண்டு பேரைக் கூப்பிடுவாள். பின்னால் இருபத்தெட்டுப் பேரைக் கூப்பிடுவாள். நடுவில் ஒரு ஆள் எழுந்து நின்றுகொண்டே இருப்பார். வருடத்துக்கு ஒரே ஒரு தடவைதான் அவரைக் கூப்பிடுகிறார்கள். கடல் தாண்டி வந்தவர். இந்த ஊரில் அவருக்கு என்னவென்று கேட்க ஒரு அக்காகூட இல்லை.

சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அழிரப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்தாள். அழுத்திப் போட்ட கோடு லேசில் போகவில்லை. தாள் கொஞ்சம் தேய்ந்து மெலிந்தது. பெயர் மட்டும் நின்றது.

கோடு போனதும் பயம் திரும்பி வந்தது, முன்பைவிட இரண்டு மடங்காக. கல்லில் இருக்கிற ஆபேலைக் கூப்பிட்டுவிடலாம். இந்த ஆபேலுக்கு என்ன செய்வது?

"அம்மா, நாளைக்கு அவனைக் கூட்டிட்டு வராதே" என்று கெஞ்சினாள்.

"நல்லா இருக்கே. அவன் கிளாஸே வருது. நான் சதுக்கத்துல தமால் விக்கப் போறேன், அவனை வீட்டுல வச்சுப் பூட்டிட்டுப் போகவா?" என்றாள் அம்மா. "எதுக்கு இப்படி முழிக்கிறே? படிக்க பயமா இருக்கா?"

"ஆமா" என்றாள் யூரிதியா. அது பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

சதுக்கத்து ஹகராந்தா மரங்கள் பூத்துக் கொட்டியிருந்தன. தரையெல்லாம் ஊதாப் பூ. அம்மாவின் தமால் அண்டாவிலிருந்து ஆவி பறந்தது. அயர்லாந்துத் தூதரகத்திலிருந்து வந்திருந்த பச்சைச் சால்வை போட்ட ஒரு அம்மா, கல் பலகைக்குக் கீழே மாலை வைத்தார். பாவாடை கட்டிய பல் டாக்டர் கன்னம் புடைக்க ஊதினார். முரசு அடிக்க அடிக்க, அது தன் நெஞ்சுக்குள் அடிப்பதுபோல யூரிதியாவுக்குக் கேட்டது.

அவளைக் கூப்பிட்டார்கள். மேடை என்பது ஒரு மரப்பெட்டிதான். ஏறி நின்றாள்.

முதல் வரிசையில் சின்னப் பிள்ளைகள் நின்றார்கள். ஆபேல் நட்ட நடுவில் நின்றான். யாரோ அவன் தலையைப் படிய வாரி, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுவிட்டிருந்தார்கள்.

யூரிதியா வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் பதில் சொன்னது. பத்து, இருபது, முப்பது. தாளைத் திருப்பினாள். கை வியர்த்ததில் தாளின் ஓரம் நைந்துவிட்டது. நாற்பது. நாற்பத்தொன்று. ஆபேல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கு எத்தனையாவது என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நிச்சயம் சிரோவாகத்தான் இருக்கும். நாற்பத்து இரண்டு வந்ததும் ஆபேல் எண்ணுவதை நிறுத்தினான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

யூரிதியா அந்த வரியைப் பார்த்தாள். கீழே நாற்பத்து நான்கு தயாராக இருந்தது. கண்ணை ஒரு விரற்கடை இறக்கினால் போதும். கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

"ஆபேல் மொரான்" என்றாள்.

அது அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமா, யூரி" என்று எல்வீரா டீச்சர் கீழேயிருந்து மெதுவாகச் சொன்னார்.

ஆக, இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டும். அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"ஆபேல் மொரான்!"

"தாய்நாட்டுக்காக உயிர் நீத்தார்!"

சதுக்கமே அதிர்ந்தது. தேவாலயக் கூரையிலிருந்து புறாக்கள் கலைந்து பறந்தன. எல்லாரும் அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார்கள்.

ஆபேல் அசையவில்லை. கண் மூடியபடி, காது பொத்தியபடி, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். மூச்சு விடுகிறானா என்றுகூடத் தெரியவில்லை. அவன் முகம் மாவுபோல வெளுத்திருந்தது. பின்னால் உபால்தோ எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை.

நான்தான் செய்துவிட்டேன் என்று நினைத்தாள் யூரிதியா. அவளுக்குக் கண் இருட்டியது. காகிதத்தில் எழுத்துகள் ஓடின. நாற்பத்து நான்காவது பெயர் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இனி அவன் கண்ணைத் திறக்கவே மாட்டானோ என்று பயந்தாள்.

பயத்தில் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இவனைக் கூப்பிட வேண்டும். கல்லில் இருக்கிறவரைக் கூப்பிட்டாயிற்று, இவனை இன்னும் கூப்பிடவில்லை.

தாளைக் கீழே இறக்கினாள். மொட்டை மாடியில் நின்று கூப்பிடுகிற அதே சத்தத்தில் கூப்பிட்டாள்.

"ஆபேல் மொரான்! வயசு ஆறு! ஒண்ணாங்கிளாஸ் பி!"

காதைப் பொத்தினாலும் கேட்கிற சத்தம் அது.

கூட்டம் திருதிருவென்று விழித்தது. டாக்சிக்காரர் பழக்க தோஷத்தில், "தாய்நாட்டுக்காக உயிர்..." என்று ஆரம்பித்துவிட்டார். யூரிதியா மேலேயிருந்து அவரைப் பார்த்த பார்வையில், மிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டார். பல் டாக்டர் முழங்கையால் அவர் விலாவில் ஒன்று வைத்தார்.

ஆபேல் ஒரு கண்ணைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். இன்னொரு கண்ணையும் திறந்தான். காதிலிருந்து கையை எடுத்து, தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான், வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, பல் இல்லாத வாயை முழுசாகத் திறந்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"உள்ளேன், அக்கா!"

அண்டாப் பக்கமிருந்து அம்மா முதலில் சிரித்தாள். பிறகு மாகி டீச்சர் கை தட்டினார். பிறகு சதுக்கமே தட்டியது. பச்சைச் சால்வை அம்மா, பக்கத்திலிருந்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். முரசுக்காரர் தன் பங்குக்கு ஒரு அடி போட்டார். ஏன் போட்டார் என்று அவருக்கே தெரியாது.

யூரிதியா தாளைத் தூக்கினாள். நாற்பத்து நான்காவது பெயர் அதன் இடத்திலேயே இருந்தது. வாசித்தாள். எழுபத்தொன்று வரை வாசித்து முடித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் முதல் வரிசையின் நடுவிலிருந்து வந்த பதில்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருந்தது. அக்காவின் தம்பி இல்லையா.

பெட்டியிலிருந்து இறங்கியதும் எல்வீரா டீச்சர் வந்தார். யூரிதியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எழுபத்தொண்ணு படிக்கச் சொன்னா, எழுபத்திரண்டு படிச்சிருக்கே" என்றார் டீச்சர்.

"தப்பா டீச்சர்?"

"குறைஞ்சாத்தான் தப்பு" என்றார் டீச்சர். "ஆனா அன்னைக்கே வந்து, இதுதான் விஷயம்னு சொல்லியிருக்கலாமே. நானும் கூடச் சேர்ந்து பயந்திருப்பேன்ல?"

யூரிதியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உபால்தோ அந்தப் பக்கமாக வந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "உன் சத்தம் எனக்கு வராது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கூட்டம் கலைந்து தமால் அண்டாவைச் சூழ்ந்துகொண்டது. ஆபேல் அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"என்னைத் தூக்கு. அந்தப் பேரைப் பார்க்கணும்."

"பயமா இல்லையா?"

"கொஞ்சம் இருக்கு. நீ கீழ விட்டுடாதே."

அவள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கல் பலகைக்குப் பக்கத்தில் போனாள். இருவரும் சேர்ந்து மேலிருந்து கீழே எண்ணினார்கள். பெயர் கிடைத்ததும் ஆபேல் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். வெயிலில் கல் சூடாக இருந்தது.

"இவருக்கு எத்தனை வயசு?"

"தெரியலடா. அதைக் கல்லுல எழுதல."

ஆபேல் கல்லின் பக்கமாக வாயைக் கொண்டுபோய், ரகசியம் சொல்கிற குரலில் சொன்னான்.

"நீங்க இங்கயே இருங்க. ஸ்கூலுக்கு நான் போய்க்கிறேன்."